பிள்ளையின் வியாபாரம், பெற்றவரின் கையெழுத்து

ஓ.எல். எழுதிய பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேக், வளையல், மருதாணி என்று வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் "வியாபாரத்தை அம்மாவின் பெயரில் பதிந்தால் சரி" என்று பல வீடுகளில் லேசாகச் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்தின் பாரத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை 15 வயதில் கிடைக்கும். ஒப்பந்தத்துக்கு அது போதாது. 1989 முதல் இலங்கைச் சட்டப்படி முழு வயது 18. கம்பனிப் பணிப்பாளராகவும் 18 நிறைந்திருக்க வேண்டும்.

தன் முழுப்பெயரில் மட்டும் விற்பவருக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு தேவையில்லை. பெயரோடு 'கேக்ஸ்' என்று ஒட்டினாலே தேவை. வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும்: பெற்றவரின் அடையாள அட்டை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், முகவரிக்கு ஆதாரம். அதிகம் இடறுவது கடைசியில்தான். வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருந்தால், வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பதிந்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அம்மாதான். கடனும் வாடிக்கையாளரின் முறைப்பாடும் அவர் தலையில். வரியும் அப்படியே. அவர் வேலைக்குப் போகிறவரானால் கேக் இலாபம் சம்பளத்தோடு சேரும். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்குள்ள வரி நிவாரணம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். இதைக் கணக்குப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மாவும் பட்டரும் வாங்கும் காசைச் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடவேண்டாம். 18 வயது வரை பொதுவாக அதிலிருந்து எடுக்க விடமாட்டார்கள். புழங்கும் பணத்துக்குப் பெற்றவர் பெயரில் தனிக் கணக்கு, பிள்ளையின் இலாபப் பங்குக்கு மட்டும் சேமிப்புக் கணக்கு. பொதி செய்த உணவென்றால் லேபிளில் சேர்மானங்கள், நிறை, திகதிகள், முகவரி வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்கவேண்டும்.

வகுப்புத் தோழியைச் சம்பளத்துக்கு வைப்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்கான குறைந்த வயது 16. பெட்டி மடிக்கும் 15 வயதுப் பிள்ளைக்குக் கூலி கொடுத்தால், வேலைகொள்வோராகப் பதில் சொல்லவேண்டியவர் பதிவில் பெயருள்ள பெற்றவர்.

16 வயதில் கூலிக்கு வேலை செய்ய விடும் சட்டம், அதே வயதில் பெற்றவரும் பிள்ளையும் கூட்டாகப் பதியவும் இடம் தரவேண்டும். பிள்ளையின் உழைப்பு பிள்ளையின் பெயரிலேயே நிற்கட்டும். அதுவரை, கேக் ஓவன் யாருடைய காசில் வாங்கியது, எந்த மாதம் எவ்வளவு இலாபம், பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு வையுங்கள்.