பேரீச்சம்பழத்துக்குப் போடுற இரும்பாம்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நடந்த பேச்சு இங்கே எல்லாருக்கும் தெரியும். இங்குள்ள ரயில் பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கிற தம்பியைப் பார்த்து, "பேரீச்சம்பழத்துக்குப் போடுற இரும்பு" என்று சிரித்தீர்களே, அந்த நோட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா?

நான் பார்த்தேன். எந்தத் தூண், எந்த மூட்டு, எந்தப் பக்கம் என்று பென்சிலில் வரைந்திருக்கிறான். ஒரு மூட்டில் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஊதி, தகட்டையே பிளந்து விரித்திருக்கிறது. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவெட் ஆணியின் தலை பாதி கரைந்துவிட்டது. பேரிங் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. வெயிலில் நீளும் இரும்பு நகர வேண்டிய இடம் அது. நகராவிட்டால் அந்த இழுப்பெல்லாம் தூணுக்குப் போகும்.

"போட்டோ எடுத்தா போதாதா?" பாலத்தில் போனைத் தூக்கினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் மாதிரி பேசாதீர்கள்.

"அது இன்ஜினியர் வேலை." சரி, இன்ஜினியரே வரட்டும். யார் வேண்டாம் என்றது?

"பூகம்பம் வந்தா நோட்டா தாங்கும்?" தாங்காது. ஆனால் ஆட்டம் நின்ற பிறகு எந்த வளைவு பழையது, எந்த வளைவு புதியது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? நிற்கும்போதே எழுதினால்தான் உண்டு. மியான்மரில் மாண்டலே பக்கம் ஐராவதி ஆற்றின் மேல் இருந்த ஆவா பாலம் 1934-ல் கட்டியது. 1942-ல் பின்வாங்கிய வெள்ளைக்காரனே தகர்த்தான், 1954-ல் சரிசெய்தார்கள். 2025 மார்ச் 28-ல் 7.7 அளவு பூகம்பத்தில் ஆற்றில் சரிந்தது. இப்போது உருகி உருகி ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள். அதில் எது 1934 இரும்பு, எது 1954 இரும்பு என்று கேட்டால் ஒருத்தருக்கும் வாய் திறக்காது. நிற்கும்போது, ஐயா, நிற்கும்போது!

எங்கப்பா ரிவெட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற கூட்டத்தில் இருந்தவர். கணீரென்றால் இறுக்கம், மொத்தென்றால் தளர்வு. தளர்ந்ததில் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். மழை வந்தால் வட்டம் போயிற்று. மேஸ்திரி ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. வீட்டுக்கு வந்தால், "என்ன, பாலத்துக்கு வைத்தியம் ஆச்சா?" என்று உறவுக்காரர்களே கிண்டல். இரவில் காது இரைகிறது என்று அவர் சொன்னதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு "உபயம்" என்று பேர் எழுதுகிற சனம் நாம். பாலத்தைத் தட்டியவன், பெயிண்ட் அடித்தவன், மேலிருந்து விழுந்தவன் பேர் எந்தச் சுவரில் இருக்கிறது? கமிட்டி மினிட் புத்தகத்தில் சர்க்கரைப் பொங்கல் செலவுக்கே நாலு பக்கம்.

தம்பிக்குத் தகட்டின் கனம் அளக்க ஒரு காலிப்பர் வேண்டும். பழசானாலும் பரவாயில்லை, வைத்திருப்பவர்கள் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமிட்டிக்காரர்கள் சிரமப்பட வேண்டாம், அதில் உபயம் எழுத இடம் பத்தாது.