பிள்ளை பெற்றவளும் அவளைப் பார்த்துக்கொள்பவளும்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துவருகிறோம். பிள்ளை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ வைத்திருந்து அனுப்புகிறோம். நல்ல வழக்கம் இது. பெற்றவள் பக்கத்தில் இருக்கும்போது வருகிற தெம்பு வேறு எதிலும் வராது. ஆனால் ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. மகளுக்கு 24, 25 வயது என்றால் அம்மாவுக்குப் பெரும்பாலும் 45லிருந்து 50க்குள் இருக்கும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற சராசரி வயது 46, 47. பச்சை உடம்புக்காரியை ராத்திரி பகல் பாராமல் கவனிக்கிற அந்த அம்மாவும் அதே நேரத்தில் தன் உடம்போடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் இறங்கிக் கிடக்கிறது. இரண்டு பேரும் நடுராத்திரியில் வியர்த்து நனைந்து எழுகிறார்கள். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை, மூட்டு வலிக்கிறது, சின்ன விஷயத்துக்கும் அழுகை முட்டுகிறது. வாய்விட்டுச் சொன்னால் இருவருக்கும் ஒரே பதில்தான்: “எல்லாருக்கும் வர்றதுதானே.”

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்தும்தான் எல்லாருக்கும் வருகிறது. எழுத்து தெரியாவிட்டால் பொறுத்துக்கொள் என்று யாரிடமும் சொல்வதில்லை, கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். பெண் உடம்பில் ஹார்மோன் இறங்கும்போது மட்டும், அது இயற்கை என்பதே அவளைக் கவனிக்காமல் விடுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

முதலில் மகள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்ரோனையும் ஏராளமாகச் சுரந்தது நஞ்சுக்கொடி. பிள்ளை பிறந்து அதுவும் வெளியே வந்தபிறகு, சில நாட்களுக்குள் இரண்டும் மளமளவென்று சரிந்துவிடும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மார்பில் பால் கட்டுவதும் அதே நாட்களில் காரணம் தெரியாத அழுகை வருவதும் இந்தச் சரிவை ஒட்டித்தான். அதன்பின் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், முட்டைப்பையை அடக்கி ஈஸ்ட்ரோஜனை ஏறவிடாமல் வைக்கிறது. அதனால்தான் பால் கொடுக்கிற மாதங்களில் பிறப்புறுப்பு வறண்டு, உறவு வலியாக இருக்கிறது. இதைக் கணவரிடம் சொல்லக் கூச்சம், அம்மாவிடம் கேட்கவும் கூச்சம். தன்னிடம்தான் ஏதோ குறை என்று அந்தப் பெண் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். வழுவழுப்புக்கான ஜெல் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. தையல் ஆறி, அவளுக்கு மனமும் வரும்வரை கணவர் காத்திருக்க வேண்டும். அது அவர் செய்கிற பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். காலம் சரியாகத்தான் பொருந்துகிறது. கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதத்துக்குள் சேர்ந்து உதிரத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். இதற்காக எண்ணெய்க்கும் சீரத்துக்கும் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட்டுவிட முடியாது. பிரசவத்துக்குப் பிறகான முதல் வருடத்தில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரும். முதலில் ஹார்மோன் கூடும்: படபடப்பு, எடை இறங்குதல். சில மாதம் கழித்துக் குறையும்: அசதி, மலச்சிக்கல், எதிலும் பிடிப்பில்லாமை. பிள்ளை ராத்திரி முழுக்க எழுப்புகிறான், அதனால்தான் சோர்வு என்று வீடு முடிவுகட்டிவிடும். டிஎஸ்எச் என்கிற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். ஐந்தாம் மாதத்திலும் எழுந்து நடமாடவே முடியாத அசதி என்று ஒரு பெண் சொன்னால், அவளைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

அழுகைக்கு ஒரு எல்லை உண்டு. முதல் சில நாட்களில் வருகிற அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிட வேண்டும். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது பிள்ளையைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை, நான் நல்ல அம்மா இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றெல்லாம் வந்தால் அது மனச்சோர்வு, சிகிச்சை தேவைப்படும் நோய். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான கணக்கின்படி, பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஐந்தில் ஒருத்திக்கும் மேல். நம் தெருவில் கடந்த சில ஆண்டுகளில் பிள்ளை பெற்ற ஐந்து பேரை நினைத்துப் பாருங்கள், யாரிடமாவது இதைக் கேட்டோமா? எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் 1987 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அது தமிழிலும் சோதித்துச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கேட்டு முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னும் ஒரு கடுமையான மனநோய் அரிதாக, 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பிள்ளை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் திடீரென்று தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ பிள்ளையைக் கொல்ல வருகிறார்கள் என்பார்கள். பேய் பிடித்திருக்கிறது, காற்று கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போவது இந்த நேரத்தில்தான் நடக்கிறது. தயவுசெய்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தாமதித்தால் தாயும் பிள்ளையும் ஆபத்தில். முறையாக மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே குணமாகிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இப்படிப்பட்ட தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்காமல் வைத்தே பார்க்கும் தனிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை, கோரிக்கையும்கூட.

சரி, பத்தியத்துக்கு வருகிறேன். பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, சுக்கு திப்பிலி போட்ட லேகியம், இடுப்பில் இறுக்கிக் கட்டும் பழைய சேலை. இதையெல்லாம் மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாற்பது நாள் அடுப்படிப் பக்கம் விடாமல் உட்கார வைத்துச் சோறு போட்டதைவிடப் பெரிய ஆதரவு வேறென்ன? பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது. அதைச் சாப்பாட்டில் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்கள்.

ஆனால் தண்ணீரை மறுப்பது கொடுமை. வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று தம்ளரில் அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம் ரத்தம் எளிதில் உறையும் காலம். உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து கூடும். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை ரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பெண்களைப் பற்றி மதுரையிலிருந்து 1983லேயே மருத்துவக் கட்டுரை வந்திருக்கிறது. அவ்வளவு காலத்துக்கு முன்பே, நம் ஊரில் இருந்தே. கறிகாய் பாதியை விலக்கிவைப்பதும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் மேலும் ரத்தம் போனவளுக்குக் கீரையும் பழமும் ஆகாது என்று எந்த நியாயத்தில் சொல்கிறோம்? இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பல வீடுகளில் அது டிஸ்சார்ஜ் ஆன பையிலேயே கிடக்கிறது.

இப்போது, அந்தப் பூண்டுக் குழம்பை அடுப்பில் வைத்திருக்கிற அம்மா.

இவளுக்கு ஒரு வழக்கமும் இல்லை. பத்தியம் இல்லை, லேகியம் இல்லை, நாற்பது நாள் ஓய்வும் இல்லை. தீட்டு நின்றால் “நிம்மதி, இனி கோயிலுக்கு எப்போ வேணா போகலாம்” என்று ஒரு பேச்சு, அதோடு சரி. சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கும்போது நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று அனல் ஏறுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கிற பகுதி, சிறிய சூட்டையும் பெரிதாக எடுத்துக்கொண்டு வியர்வையைக் கொட்டச் செய்கிறது. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அடிக்கடி இப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது ஏழு ஆண்டுக்கும் மேல் நீடித்திருக்கிறது. இளநீரும் வெந்தயமும் குடித்துக் கடக்கிற காலமா இது? நெஞ்சு படபடக்கிறது என்று இசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். எனக்கும் 51 வயது, இந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். இதயத்தில் ஒன்றுமில்லை என்றதும் எழுதுவதற்கு மருத்துவர் குனிந்துவிட்டார், கடைசித் தீட்டு எப்போது வந்தது என்று கேட்கவே இல்லை.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் பலருக்கு உதிரப்போக்கு அதிகம். கட்டிகட்டியாகப் போகிறது என்று போனால், “பிள்ளைங்க பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்கிற பதில் சீக்கிரமே வந்துவிடுகிறது. சிலருக்கு அறுவை தேவைதான். ஆனால் மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, அவற்றைச் சொல்லிவிட்டுத்தானே கத்தியை எடுக்க வேண்டும்? கருப்பையோடு முட்டைப்பையையும் எடுத்துவிட்டால் பல வருடங்களில் நடக்க வேண்டிய சரிவு ஒரே நாளில் நடக்கும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019இல் அரசு விசாரணையில் தெரியவந்தது. மாதத்தில் மூன்று நாள் கூலி போகிறதே என்கிற பயம் அதில் பெரிய காரணம். நம் ஊரில் இந்தக் கணக்கை எடுக்க வேண்டாமா?

குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கிற ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயம், 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மை, வருடத்துக்கு 10,000 பெண்களில் 8 பேர் கூடுதல். பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களுக்கு இது கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. அடிக்கடி சிறுநீர்த் தொற்று, எரிச்சல், வறட்சி என்று அவதிப்படுபவர்களுக்கு பிறப்புறுப்புக்குள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாகக் கேட்கும். எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்படியெல்லாம் இருக்கிறது என்றுகூட அவளிடம் யாரும் சொல்லாததுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்: ஒரு வருடம் தீட்டே வராமல் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். “மறுபடி வந்துடுச்சு போல” என்று இருந்துவிடக் கூடாது. கருப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டும், அப்போதே பிடித்தால் குணப்படுத்தலாம்.

வேலை பார்க்கும் இடம்? தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. ஜவுளிக்கடைக்குப் போகும்போது பாருங்கள், நாற்பத்தைந்து வயதுக்கார அக்கா எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம், தனியாரில் சட்டப்படி 26 வாரம், முறைசாரா வேலையில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. பேறுகாலம் பார்க்கிற அம்மாவுக்கு எந்தக் கணக்கிலும் விடுப்பு கிடையாது. கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

ஆகவே வீட்டு ஆண்களுக்குச் சொல்கிறேன். ராத்திரி பிள்ளை அழுதால் அந்த அம்மாவை எழுப்பாதீர்கள். பிள்ளையின் அப்பா எழுந்திருக்கலாம், தாத்தா எழுந்திருக்கலாம். துணி மாற்றவும் தோளில் போட்டு நடக்கவும் ஈஸ்ட்ரோஜன் தேவையில்லை. மாமியார் வீட்டில்தான் மருமகன் தங்கக் கூச்சப்படுகிறார் என்றால், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வந்து இருக்கட்டும், சம்பந்தியம்மாவும் கொஞ்ச நாள் வந்து கைகொடுக்கட்டும்.

அரசுக்கு ஒரு யோசனை. பிள்ளை பெற்றவளைப் பார்க்கச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 42 நாள் வரைதான். தைராய்டு கோளாறு பெரும்பாலும் வெளித்தெரிவது அதற்குப் பிறகு, மனச்சோர்வும் பலருக்கு அப்படித்தான். ஆனால் 6, 10, 14 வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். வருவது மகள் மட்டுமில்லை, பை தூக்கிக்கொண்டு அம்மாவும் வருகிறாள். பிள்ளைக்கு எடை போடுகிற அந்த நேரத்தில் மகளிடம் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்கலாம், அசதி என்றால் டிஎஸ்எச் எழுதலாம். அம்மாவுக்கு பிபி பார்த்து, தூக்கம் எப்படி, உதிரப்போக்கு எப்படி, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்களே, அவர்களின் பதிவேட்டிலும் இதற்கு ஒரு வரி சேர்க்கலாம். புதுக் கட்டிடமோ புதுத் திட்டமோ வேண்டியதில்லை. அடுத்த புதன்கிழமையே தொடங்க முடியும்.

(மனம் தாங்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.)