வெள்ளைத் திட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும்: பரவும் செய்தி தவறு

"வாயில் வெள்ளைத் திட்டு இருந்தால் சதையை வெட்டிக் கொடுக்காதீர்கள், கத்தி பட்டால் புற்று பரவும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எச்சிலை வைத்தாலே தெரிந்துவிடும்." ஈரோடு, திருப்பூர் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் ஒரு வரிகூட உண்மையில்லை.

சென்னிமலையில் தறி நெய்யும் என் பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, "கத்தி வேண்டாங் கண்ணு" என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். 20 வருசமாகப் புகையிலை அதக்கும் கன்னத்தின் உள்பக்கம், துணியால் துடைத்தாலும் போகாத திட்டு அவருக்கு.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் சதைத் துணுக்குதான் வேண்டும். அதைப் பதப்படுத்தி, பிசினில் இறுக்கி, சுமார் 100 நானோமீட்டருக்கும் மெல்லிசாகச் சீவ வேண்டும். செல்களைப் பொத்தான் போலப் பிணைத்திருக்கும் டெஸ்மோசோம்கள் குறைவது, செல்களுக்கிடையே இடைவெளி அகல்வது, அந்தச் செல் அடுக்குக்குக் கீழே இருக்கும் மெல்லிய படலமான அடிச்சவ்வு அங்கங்கே அறுபடுவது எல்லாம் அதில் தெரியும். ஆராய்ச்சிக்கு அது பெரிய வரம். ஆனால் துளியூண்டு இடத்தைத்தான் காட்டும். முழுத் திட்டின் நிலைமையைச் சொல்லாது.

முடிவு சொல்வது சாதாரண பயாப்சி, அதாவது சதைத் துணுக்குப் பரிசோதனைதான். மரத்துப்போக ஊசி போட்டுத் துணுக்கு எடுத்து, ஃபார்மலினில் இட்டு, 4, 5 மைக்ரான் சீவல்களாக்கிச் சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பார். இப்படித் துணுக்கு எடுப்பதால் திட்டு புற்றாக மாறாது, புற்று பரவவும் செய்யாது. எல்லாத் திட்டும் புற்றாவதுமில்லை. எது ஆகும் என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் துணுக்கே எடுக்கிறார்கள். 2 வாரத்துக்கு மேல் ஆறாத திட்டோ புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

பெரியம்மாவை நாளைக் காலை நானே கூட்டிப்போகிறேன்.