என்னிடம் சாலையைப் பற்றிக் கேளுங்கள்

ரேலி கார்ப் பந்தயத்தைப் பற்றிய சனிக்கிழமை நேரலையின் அந்தத் துண்டை இன்னும் எனக்கே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் பேச உட்கார்ந்திருந்த ரேலி இணை ஓட்டுநர் நான்தான். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். "அக்கா ஏன் இப்படி முறைக்கிறார்?" என்று என் முகத்தை வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட தம்பிமார்களுக்கும், "கொஞ்சம் சிரித்த முகமாக இருந்திருக்கலாமே, சகோதரி" என்று உள்பெட்டிக்கு வந்து அன்போடு அறிவுரை சொன்ன அண்ணன்மார்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். முகம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதற்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் எப்படியோ வெட்டுப்பட்டுப் போய்விட்டது.

ரேலியில் ஒவ்வொரு காராகப் பாதையில் விட்டு நேரம் கணக்கிடுவார்கள்; அதில் காலையில் ஓடிய அதே பாதையை மதியம் மறுபடியும் ஓட்டும்போது காலைக் கணக்கு ஏன் பலிப்பதில்லை என்று நான் விளக்கத் தொடங்கியிருந்தேன். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் தொகுப்பாளர் குறுக்கிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் அக்கா, வீட்டில் எப்படி விட்டார்கள்? ஹெல்மெட் போடும்போது முடியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் திரும்பி, "இப்போது நம் நிபுணர் டயரைப் பற்றிச் சொல்வார்" என்றார். அந்த நிபுணர், காரில் பொருத்தும் கேமராக்களைப் பற்றி இணையத்தில் மதிப்புரை சொல்கிறவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், திரையில் ஓடிய எழுத்தை ஒழுங்காகவே வாசித்தார்.

சொல்ல வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். மண் பாதையில் முதல் ஓட்டத்தின்போது முன்னால் போகிற கார்கள் மேலே கிடக்கும் பொடிக்கல்லை ஒதுக்கித் தள்ளிப் பின்னால் வருகிறவர்களுக்கு வழி செய்து கொடுக்கும். மதியத்துக்குள் சக்கரத்தடங்கள் பள்ளமாகி, அடியில் புதைந்து கிடந்த கற்கள் மேலே வந்துவிடும். காலையில் உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு போன அதே வளைவில் மதியமும் ஒடித்தால் டயரின் பக்கவாட்டு கிழியும். நம் ஊர்க் களிமண்ணில் மழையும் சேர்ந்துகொண்டால் பள்ளமே காரை இழுத்துக்கொண்டு போகும், ஸ்டியரிங் பிடித்தவர் வெறும் பயணிதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

இதை நான் எங்கோ படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். மழை விட்டதும் எந்த மர நிரைக்குள் லாரியை இறக்கலாம், எந்த வளைவில் வண்டி கானுக்குள் (ஓரத்து வடிகாலுக்குள்) சரியும் என்று மண்ணின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆசிய பசிபிக் ரேலியின் மலேசியச் சுற்று ஜோகூர்ச் செம்பனைத் தோட்டங்களுக்குள் நடந்ததை உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். நம் அப்பா அம்மா உழைத்த மண்ணில், அவர்கள் நடந்த அதே ரோட்டில், வெளிநாட்டவர்கள் வந்து கார் ஓட்டினார்கள். அந்த ரோட்டைப் பற்றிப் பேச ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குத் தகுதி இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது என்று நான் கேட்பது ஆணவமாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

"ஆனாலும் நீங்கள் ஓட்டவில்லையே, பக்கத்தில்தானே உட்கார்ந்து போனீர்கள்?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து போவதென்றால் என்னவென்று அவருக்காகச் சொல்கிறேன். போட்டிக்கு முன்பு பாதையை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, ஓட்டுநர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண், அடுத்த வளைவுவரை எத்தனை மீட்டர், எங்கே மேடு, எங்கே கல் என்று குறிப்பு எழுதுகிறவர் இணை ஓட்டுநர். போட்டியில் அந்தக் குறிப்பை, கார் குலுங்குகிற குலுக்கலில், ஒரு வளைவு முன்னதாகவே வாசித்துக்கொண்டு போக வேண்டும். முந்தினால் ஓட்டுநர் மறந்துவிடுவார், பிந்தினால் கார் கானுக்குள் இருக்கும். நேரக் கணக்கும் இணை ஓட்டுநரின் பொறுப்பே. உலக ரேலி விதிப்படி, நேரம் பதியும் கட்டுப்பாட்டு மேசைக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போனால் 10 விநாடி தண்டனை. ஒரு நிமிடம் முன்னதாகவே போய்விட்டால் ஒரு முழு நிமிடம். இதைத்தான் நம் மக்கள் "கூடப் போய் வந்தது" என்கிறார்கள். 2002-இல் நம் நாட்டு ஓட்டுநர் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றபோது பக்கத்து இருக்கையில் ஆலன் ஓ இருந்தார். அவரிடம் யாரும் வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டதாக நான் படித்ததில்லை.

உள்நாட்டுப் போட்டி ஒன்று நினைவுக்கு வருகிறது. மழை விட்டு விட்டுப் பெய்த நாள். பாதி வழியில் வைப்பர் நின்றுவிட்டது. முன்கண்ணாடி முழுக்கச் சேறு அப்பி, ஓட்டுநருக்குக் காப்பி நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. வேர்வையில் நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பென்சிலின் ரப்பர் முனையால் தள்ளித் தள்ளித் திருப்பியபடி, "லெஃப்ட் ஃபோர், ஹண்ட்ரட், கிரெஸ்ட், ரைட் த்ரீ, டோன்ட் கட்" (இடது வளைவு நான்கு, நூறு மீட்டர், மேடு, வலது வளைவு மூன்று, உள்பக்கம் ஒடிக்காதே) என்று நான் வாசித்த குரலை நம்பித்தான் அவர் அந்தக் காரைக் கடைசிவரை கொண்டுவந்து சேர்த்தார். கார்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இடத்தில் நின்றிருந்த நம்மவரான ஒரு செய்தியாளர் அவரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டார், நேரத்தைப் பற்றிக் கேட்டார். என்னிடம் திரும்பி, "உங்களுக்கு வாந்தி வரவில்லையா?" என்றார். ஓடுகிற காரில் குனிந்து வாசித்தால் குமட்டும் என்பது உண்மை. வராமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தால்கூட அது தொழிலைப் பற்றிய கேள்வி, மகிழ்ச்சியாகச் சொல்லியிருப்பேன். அவர் அதற்குள் கேமராவைப் பையில் வைத்துவிட்டார்.

"மக்களுக்கு மனிதக் கதைதான் வேண்டும், தொழில்நுட்பம் யாருக்குப் புரியும்?" என்று ஒரு மூத்த ஊடக நண்பர் எழுதியிருக்கிறார். நண்பரே, மனிதக் கதை சாலையில்தான் இருக்கிறது. பிரான்சின் மிஷேல் மூட்டோன் 1981-இல், ஃபாப்ரிசியா பொன்ஸ் பக்கத்தில் அமர்ந்து குறிப்பு வாசிக்க, இத்தாலியின் சான்ரெமோ ரேலியை வென்றார். உலக ரேலிச் சுற்று ஒன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு போர்த்துகல், கிரேக்கத்தின் அக்ரோபோலிஸ், பிரேசில் என்று மூன்று வெற்றி. உலகப் பட்டத்துக்கான போட்டி ஐவரி கோஸ்ட் வரை நீண்டது. அங்கே பந்தயம் தொடங்கும் தறுவாயில் அவருடைய தந்தை இறந்துபோன செய்தி வருகிறது. தந்தையின் விருப்பப்படியே மகள் கார் ஏறுகிறார், முன்னணியிலும் இருக்கிறார், பிறகு காரில் கோளாறு, கடைசியில் விபத்து, பட்டம் ஜெர்மனியின் வால்டர் ரோர்லுக்குப் போகிறது. இதைவிட மனிதக் கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்? இதில் தலைமுடி எங்கே வருகிறது?

உடனே ஒருவர் வந்து, "மூட்டோனுக்குக் கிடைத்ததுபோல நான்கு சக்கர இழுவையுள்ள ஆடி குவாட்ரோ கிடைத்தால் யாரும் வெல்வார்கள், ரோர்ல் பின்சக்கர இழுவை ஓப்பலில் அல்லவா பட்டம் வென்றார்?" என்பார். ரோர்ல் பெரிய ஓட்டுநர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு அதே குவாட்ரோவை ஹன்னு மிக்கோலாவும் ஸ்டிக் புளோம்க்விஸ்டும்கூட ஓட்டினார்கள். உலகப் பட்டப் பட்டியலில் மூட்டோன் இரண்டாமிடம், மிக்கோலா மூன்றாமிடம், புளோம்க்விஸ்ட் நான்காமிடம். பெண் வென்றால் கார், ஆண் வென்றால் கை. இந்தக் கணக்கு எனக்குப் புரிவதே இல்லை. 1985-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில், பாதை இன்னும் மண்ணாக இருந்த காலத்தில், அதே மூட்டோன் 11 நிமிடம் 25 விநாடியில் உச்சிக்குப் போய்ச் சாதனை நேரத்தோடு வென்றார். அதற்கும் கார்தான் காரணம் என்று சொல்லிவிடுங்கள், மனம் ஆறட்டும்.

ஒளிபரப்புப் பக்கம் வாருங்கள். ஜெர்மனியின் சபீன் ஷ்மிட்ஸ் நூர்பர்க்ரிங் பந்தயத் திடலின் 24 மணி நேரப் பந்தயத்தை 1996, 1997 என்று இரண்டு முறை வென்றவர். பிறகு தொலைக்காட்சிக்கு வந்தார். அவர் ஒரு வளைவைப் பற்றிப் பேசினால் உலகமே கேட்டது, ஏனென்றால் அந்த வளைவில் அவருடைய டயர் உரசியிருந்தது. 2021-இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று நான் அழுதேன். வீட்டில் யாருக்கும் ஏன் என்று புரியவில்லை. நம் நாட்டுப் பந்தய ஓட்டுநர் லியோனா சின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டத் தெரியாத பெண்போல நடித்து, ஓட்டுநர் பயிற்றுநர்களை அலறவிட்ட அந்தக் காணொளியைப் பார்க்காதவர் இல்லை; அவர் ஓட்டிய பந்தயங்களைப் பற்றி ஒன்று சொல்லுங்கள் என்றால் பத்துப் பேரில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை.

"தொகுப்பாளர் சின்னப் பையன், தெரியாமல் கேட்டுவிட்டான், விட்டுவிடுங்கள்" என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: சின்னப் பையனுக்கு நிபுணரிடம் டயரைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்று மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது. அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாதுதான். நம் செப்பாங் திடலில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 நடந்தது. அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சியில் நம் பிள்ளைகள் பார்த்த பந்தயத் திடல் பெண் யார்? ஓட்டுநருக்குக் குடை பிடித்து நின்றவள். ஃபார்முலா 1 அந்த வழக்கத்தை நிறுத்தியது 2018-இல், அதாவது நம் ஊரை விட்டுப் போன பிறகு.

இன்னொன்று, இதுதான் உண்மையில் உறுத்துகிறது. "நம்மவர்கள் மேடை கொடுத்ததே பெரிது, நன்றியோடு இருக்க வேண்டாமா?" என்று என் உறவுக்காரர் ஒருவரே எழுதியிருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன், மாமா படித்துக்கொண்டிருப்பீர்கள். நான் மேடை கேட்கவில்லை, மாமா. வீட்டில் எப்படி விட்டார்கள் என்று இத்தனை ஆண்டுகளாக மேடைக்கு மேடை கேட்கிறவர்களில் ஒருவர்கூட, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய என் கணவரிடம் போய் அதைக் கேட்டதில்லை. மற்ற இன நண்பர்களின் ஒளிபரப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் சாலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு வருகிறேன், அங்கே யாரும் என் முடியைப் பற்றிக் கேட்பதில்லை. என் தாய்மொழியில் மட்டும் நான் "கலர்ஃபுல்லாக இருக்கும்" என்பதற்காக அழைக்கப்படுகிறேன். வலிக்கத்தான் செய்கிறது.

நேற்று தயாரிப்பாளர் அழைத்தார். மன்னிப்பெல்லாம் இல்லை, அடுத்த மாதம் "மகளிர் சிறப்பு" நேரலை, அக்கா அவசியம் வர வேண்டும் என்றார். பாதையின் வரைபடமும் முந்தைய ஓட்டத்தின் காட்சிகளும் இரண்டு நாள் முன்னதாக வேண்டும், மகளிர் சிறப்பு என்ற பெயர் வேண்டாம், அந்த நிபுணத் தம்பிக்குக் கொடுத்த தொகையே எனக்கும் வேண்டும் என்றேன். முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார். மூன்றாவதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். "கடைசியில் எல்லாம் காசுக்குத்தானா அக்கா?" என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஆமாம், காசுக்கும்தான்.