பெட்டியோடுதான் கப்பலேறின

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் ஓடிய ரயில் ஃபெரிகளில் (ரயில் பெட்டிகளை அக்கரை சேர்க்கும் கப்பல்களில்), பெட்டியிலிருந்து சரக்கை இறக்கிக் கப்பலில் அடுக்கி, அக்கரையில் வேறு பெட்டிகளில் ஏற்றினார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது ஃபெரி வருவதற்கு முந்தைய முறைங்க. 1892 நவம்பரில் 'ஆன் ஆர்பர் நம்பர் 1' என்ற ஃபெரி ஓடத் தொடங்கியது. ரயில் பெட்டிகள் சரக்கோடு அப்படியே உருண்டு ஏறின. தளத்தில் நான்கு வரிசைத் தண்டவாளம், 24 பெட்டிகள். எஞ்சின் கரையிலேயே நின்று, கப்பலின் பின்புறம் வழியாகப் பெட்டிகளை உள்ளே தள்ளிவிடும். உள்ளே ஜாக்கி கொடுத்து, சங்கிலியால் இறுக்குவார்கள். ஒரு ஓரத்தை மட்டும் நிரப்பினால் கப்பல் சாயும். 1909-இல் மனிஸ்டிக் துறைமுகத்தில் 'ஆன் ஆர்பர் நம்பர் 4' இரும்புத்தாதுப் பெட்டிகளை ஏற்றும்போதே கவிழ்ந்தது.

சரிபார்க்க, இந்த ஃபெரிகளின் பழைய படங்களில் பின்பக்கத்தைப் பாருங்கள், தண்டவாளம் தெரியும். சரக்கை மட்டும் ஏற்றும் கப்பலுக்குத் தண்டவாளம் எதற்கு?