கிரேட் லேக்கில் கரையிலிருந்தும் ட்ரவுட் மீன் கிடைக்கும்

"ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள கிரேட் லேக் ஏரியில் படகு இல்லாமல் போவது வீண், மீன் எல்லாம் நடு ஆழத்தில்தான், அதுவும் பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்டவை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பிப் புதியவர்கள் போகாமலே இருந்துவிடுவார்கள்.

முதலில் கரை விஷயம். அங்குள்ள பிரவுன் ட்ரவுட்டுக்குக் கரையோரம்தான் சாப்பாட்டு இடம். கோடையில் யூகலிப்டஸ் மரங்களின் வண்டுகள் காற்றில் அடித்து வந்து நீரில் விழும். அப்போது காற்று வந்து மோதும் கரையில் நில்லுங்கள், காற்றுக்கு மறைவான கரையில் அல்ல. இந்த ஏரி நீர்மின் நிலையங்களுக்கான நீர்த்தேக்கம் என்பதால் நீர்மட்டம் ஏறி இறங்கும். ஏறும்போது புல்தரை மூழ்கி மண்புழுக்கள் வெளியே வரும். மீன் முழங்கால் ஆழத்துக்கே வந்து மேயும். அதனால் வந்ததும் நீரில் இறங்கிவிடாதீர்கள். ஓரத்தை முதலில் பாருங்கள், விடியலிலும் அந்தியிலும் குறிப்பாக. வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போவது உண்மைதான், ஆனால் அது நாள் முழுக்க அல்ல.

அப்புறம், பண்ணை மீன் என்ற பேச்சு. 1864-இல் இங்கிலாந்திலிருந்து பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் வந்த முட்டைகளில் தொடங்கியது டாஸ்மேனிய ட்ரவுட்டின் கதை. 1870-இல் இந்த ஏரியில் விட்டார்கள். இன்று அவை தாமாகவே பெருகுகின்றன. இலையுதிர் காலத்தில் ஏரியில் வந்து சேரும் லியவீனி கால்வாயில் முட்டையிட ஏறிவரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் பண்ணை மீன் என்று சொல்லமாட்டார்கள்.

மீன்பிடி உரிமம் கட்டாயம். ஏரி ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, கோடையிலும் பனி பொழியலாம். கம்பளி உடை எடுத்துக்கொள்ளுங்கள்.