பௌதின்னா இதுதானா?

யூடியூப்ல ரெண்டு பெங்காலி வீடியோ பாத்துட்டா போதும், அடுத்து வந்து விழுறதெல்லாம் 'பௌதி'தான். பௌதின்னா அண்ணி. மொட்டைமாடில துணி காயப்போடுற அண்ணி, அவங்க இடுப்புலயே நிக்கிற கேமரா, வாயப் பொளந்துட்டு நிக்கிற பசங்க. 2017ல ஹோய்ச்சோய் ஓடிடில வந்த துபுர் தாகுர்போ இதையே ஒரு சீரிஸா எடுத்துச்சு. தாகுர்போங்கறது அண்ணி கொழுந்தனை வாஞ்சையா கூப்பிடுற வார்த்தைங்க, அத போய் இப்படி ஆக்கிட்டாங்களேன்னு நிஜமாவே மனசு கஷ்டமாயிருச்சு.

ஏன்னா எனக்குத் தெரிஞ்ச பௌதி சாருலதா. தாகூர் 1901ல எழுதின நஷ்டநீட், அதாவது கலைஞ்சுபோன கூடு, அத 1964ல சத்யஜித் ராய் 'சாருலதா'ன்னு படமா எடுத்தார். ஆரம்பத்துலயே சாருவா நடிச்ச மாதபி முகர்ஜி கையில ஒரு சின்ன பைனாகுலரோட ஒவ்வொரு ஜன்னலா ஓடி ஓடி தெருவுல போறவங்கள பாப்பாங்க, அப்புறம் புருஷன் பூபதி புஸ்தகத்துல மூஞ்ச புதைச்சுக்கிட்டு அவங்கள கவனிக்காமலே பக்கத்துல நடந்து போவான், அவனையும் அதே பைனாகுலர் வச்சு பாப்பாங்க. அந்த வீட்டுல அவ எவ்ளோ தனியா இருக்கான்னு அந்த ஒரு சீன்லயே புரிஞ்சிரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு கொழுந்தன் முறைல அமல் வர்றான், அவ எழுதினா படிக்க, படிச்சத பேச ஒரு ஆள் கிடைக்குது. காதல் இல்லன்னு நான் சொல்ல வரல, இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா அது எந்த வெறுமைலேர்ந்து வந்துச்சுன்னு பாக்காம 'கள்ளக்காதல் கதை'ன்னு ஒரே வரில முடிச்சா எப்படி?

அந்தக் காலத்து பெங்கால்ல பொண்ணு எட்டு ஒம்பது வயசுல கல்யாணமாகி புருஷன் வீட்டு அந்தப்புரத்துக்குள்ள வந்துரும். புருஷன் பெரியவன், வெளியவே இருப்பான். சேர்ந்து விளையாட அந்த வயசுல இருக்கறது கொழுந்தன் மட்டும்தான். தாகூரோட சொந்த அண்ணி காதம்பரி தேவி 1868ல அவங்க குடும்பத்தோட ஜோராசாங்கோ வீட்டுக்கு மருமகளா வந்தப்ப அவங்களுக்கு 9 வயசு, ரவீந்திரநாத் தாகூருக்கு 7. ரவீந்திரநாத்தோட கல்யாணம் 1883 டிசம்பர்ல நடந்துச்சு, 1884 ஏப்ரல்ல காதம்பரி தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. காரணத்த யாரும் உறுதியா சொல்ல முடியாது, ஆனா இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டு தேதியையும் பக்கத்து பக்கத்துல வச்சு கிசுகிசு எழுதிட்டேதான் இருக்காங்க. ரவீந்திரநாத்தோட எழுத்துக்கு ரசிகையா, விமர்சகரா இருந்த ஒரு மனுஷி அவங்க, அதப் பத்தி பாதி பேராவது எழுதலாம்ல?

சாருலதா கதைல மந்தாவ எல்லாரும் மறந்துடுறோம். சாருவோட அண்ணன் பொண்டாட்டி, அவளும் ஒரு அண்ணிதான். பெருசா படிப்பு கிடையாது. அமல் தன் எழுத்த அவகிட்ட படிச்சு காட்டினதுக்கே சாருவுக்கு அப்படி எரியுது. தனக்குன்னு இருந்த ஒரே வாசகன் போயிட்டானேங்கற எரிச்சல் அது, எனக்கு கதைலயே ரொம்ப உண்மையா பட்ட இடம்.

இன்னொரு பெங்காலி எழுத்தாளர் சரத்சந்திரர் எழுதின ராமேர் சுமதி கதைல நாராயணி கொழுந்தன் ராமை பெத்த பிள்ளை மாதிரி வளக்கறா, அதுவும் பௌதிதானே. தமிழ்லயும் சரத்சந்திரர எத்தனை வீட்டுல படிச்சிருக்கோம்.

சாருலதா படத்தோட கடைசில பூபதியும் சாருவும் கைய நீட்டும்போது, தொடறதுக்கு முன்னாடியே ராய் அப்படியே உறைய வச்சுடுவார். தாகூர் கதைல வேற மாதிரி. பூபதி மைசூருக்கு பத்திரிகை வேலைக்கு கிளம்புறான், சாரு என்னையும் கூட்டிட்டு போங்கன்னு கேக்கறா, முடியாதுங்கறான், அவ மூஞ்சிய பாத்துட்டு மனசு கேக்காம சரி வாங்கறான். அதுக்கு சாரு சொல்ற பதில் ரெண்டே வார்த்தை. "வேணாம், இருக்கட்டும்."